ஜின்னும் பனம்பழ ஜாமும்

ஜின்னில் ஜாம் கரைத்துக் குடிப்பது நேற்று வந்த பழக்கமல்ல. லண்டன் சவோய் ஹோட்டலின் மதுக்கூடத்தில் பணியாற்றிய ஹாரி கிராடொக், 1930இல் வெளியான தமது கலவைக் குறிப்பு நூலிலேயே ஜின், எலுமிச்சைச் சாறு, தோடம்பழ மர்மலேட் மூன்றையும் சேர்த்து ஒரு பானம் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பானத்துக்கு உயிர் மர்மலேட்டின் கைப்பு. அதனால் யாழ்ப்பாணத்தில் இதைச் செய்பவர் வெறும் இனிப்பான ஸ்ட்ரோபெரி ஜாமைத் தேட வேண்டாம். பனம்பழ ஜாம் எடுக்கட்டும். பனங்களியிலும் கைப்பு உண்டு, ஃபிளபெல்லிஃபெரின் என்ற சேர்மத்தால் வருவது. மர்மலேட் செய்யும் புளித்தோடையின் கைப்புக்கு முக்கிய காரணம் நரிங்கின். இரண்டும் வேறு வேறு குடும்பம். ஆனாலும் நரிங்கினை உடைக்கிற நரிங்கினேஸ் நொதியமே பனங்களியின் கைப்பையும் போக்கும் என்று இலங்கை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இரண்டிலும் சர்க்கரைக் கூறுகள் ஒட்டியிருக்கின்றன. நொதியம் வெட்டுவது அந்தப் பிணைப்பைத்தான். எனக்கு இது பெரிய வியப்பு.

களியைப் பாயில் ஊற்றி வெயிலில் காயவைத்துப் பனாட்டாக்கிப் பாதுகாத்தவர்கள் எங்கள் முன்னோர். ஜாமில் அந்த வேலையை அடுப்பும் சீனியும் செய்கின்றன.

ஒருவருக்கு ஜின் 50 மில்லிலீற்றர், தேசிக்காய்ப் புளி 20 மில்லிலீற்றர், ஜாம் 2 தேக்கரண்டி. சீனி தனியாக வேண்டாம், ஜாமிலேயே தாராளமாக இருக்கிறது. இங்கே ஒழுங்கு முக்கியம். ஜாமை இறுக்கிப் பிடித்திருப்பது பெக்டின். மதுசாரம் பட்டால் அது திரளும். ஆய்வுகூடங்களில் பழச்சாற்றிலிருந்து பெக்டினைப் பிரிப்பதே மதுசாரத்தை ஊற்றித்தான். ஆகவே ஜின்னை முதலில் ஊற்றக் கூடாது. ஜாமைத் தேசிக்காய்ப் புளியில் நன்றாகக் கரைத்துவிட்டு, பிறகே ஜின். ஐஸ் அதற்கும் பிறகு. குளிரில் ஜாம் கரையாது. முடியப்போகும் ஜாம் போத்தலே குலுக்கப் போதும், அடியில் ஒட்டியிருப்பதும் வீணாகாது. மூடியை இறுக்கி, போத்தலின் வெளிப்புறம் வியர்க்கும் வரை குலுக்குங்கள். ஐஸ் உருகிச் சேரும் தண்ணீரும் பானத்தின் பங்குதான், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். தேநீர் வடியால் வடித்தால் பனந்தும்பும் திரளும் நின்றுவிடும். ஆனாலும் கரைந்த பெக்டின் பானத்துக்கு ஒரு கொழுமையைத் தரும்.

ஜின்னுக்குப் பதிலாகப் பனஞ்சாராயத்திலும் செய்யலாம். நான் ஜின்னையே சொல்வேன். பனம்பழத்தின் மணம் கனமானது. ஜின்னிலுள்ள ஜூனிபர்க் காயின் பிசின் வாசம் அதை ஊடறுத்து மேலே வருகிறது. பனஞ்சாராயம்தான் கையில் இருக்கிறதென்றால், சில துளி இஞ்சிச் சாறு விடுங்கள்.