கேட்டுப் பெற வேண்டிய கடிதம்

கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகத்துக்கும் புறக்கோட்டைக்கும் நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் பலர். மூட்டை சுமக்கும் நாட்டாமியும் கடைச் சிப்பந்தியும் அவர்களுள் அடங்குவர். மூட்டை சரிந்து ஒருவருக்குக் கால் முறிந்துவிட்டால், அவர் வீட்டு அடுப்பு எவ்வாறு எரியும்?

இலங்கையில் இதற்கு 1934 ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்தது. தொழிலின் நிமித்தம் நேர்ந்த காயத்துக்கு முதலாளி நட்டஈடு செலுத்துதல் வேண்டும். அவர்மீது குற்றம் இருந்ததென நிறுவுவது அவசியமன்று. வைத்தியச் செலவுக்கெனச் சிறுதொகை கொடுத்தவரைத் தருமவான் எனப் போற்றுவோர் நம்மிடையே உளர். அது தருமமன்று, கடன்.

ஆயினும், காயமுற்றவர் அவ்விடத்தில் வேலை பார்த்தவர் என்பதற்குச் சான்று யாது? இங்கேதான் ஏழையின் வழக்கு தளர்கின்றது. கடைகளிலும் காரியாலயங்களிலும் வேலைக்குச் சேரும் நாளிலேயே நியமன விபரங்களை எழுத்தில் வழங்குமாறு 1954 ஆம் ஆண்டுச் சட்டம் பணிக்கின்றது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்னும் வரம்பும் அதிலேயே உண்டு.

“நம்மூரார் கடை, கடிதம் கேட்டால் மனம் நோகாரோ?” எனப் பெற்றோர் தயங்குவர். அத்தயக்கம் நாமும் அறிந்ததே. ஆனால் அந்நல்லவர் கடையை விற்றுவிட்டால், புதியவருக்கு உங்கள் மகனைத் தெரியுமா?

ஊழியர் சேமலாப நிதியும் ஒரு சான்றாகும். 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அந்நிதிக்கு இன்று ஊழியர் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்துதல் வேண்டும். படிப்பு முடிந்து வேலைக்குப் புகும் மாணவர், முதற் சம்பளத்தன்றே தமது அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டறிதல் நன்று. மறுக்கப்படின், நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.