கத்திரி வெயிலில் ஒரு மெக்ஸிகோ விருந்தாளி

பரீட்சை முடிந்து லீவு விட்டாயிற்று. சென்னையில் மாமா வீட்டுக்குப் போயிருந்த உங்கள் பையன், கொளத்தூர் வர்ணமீன் கடைகளையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, எழும்பூரில் ரயிலேறி விழுப்புரம் ஜங்ஷனில் வந்து இறங்குகிறான். பெட்டி படுக்கை மாமாவின் கையில். அவன் கையில் ஒரு தெர்மாகோல் பெட்டி. வீட்டுக்கு வந்ததும் அதைத் திறந்து காட்டுகிறான். உள்ளே பிராணவாயு அடைத்த பாலிதீன் பை. பைக்குள் ரோஜா நிறத்தில், நாலு கால், ஒரு வால், கழுத்தின் இரு புறமும் இறகு இறகாகச் செவுள்கள், இமையில்லாத கண்கள். போதாதற்கு ஒரு புன்சிரிப்பு வேறு!

"பல்லியா இது?" என்று மாமியார் இரண்டடி பின்வாங்குகிறார். "பல்லியில்லை பாட்டி, ஆக்சலாட்டில்" என்கிறான் பையன். மைன்கிராப்ட் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் 2021-ல் இந்தப் பிராணி வந்து சேர்ந்ததிலிருந்து உலகத்துக் குழந்தைகள் எல்லாருக்கும் இது பரிச்சயம். நமக்குத்தான் புதிது.

அம்மணி, இப்போது அவனைக் கோபித்துக்கொண்டு பிரயோஜனமில்லை. வெளியே கத்திரி வெயில். அந்தப் பைக்குள் இருக்கிற ஜலம் நிமிஷத்துக்கு நிமிஷம் சூடாகிக்கொண்டிருக்கிறது. முதலில் வந்த விருந்தாளி யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இதன் பிறந்தகம் மெக்ஸிகோ நகரத்தை ஒட்டிய ஸோச்சிமில்கோ ஏரியும் கால்வாய்களும். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர். ஏறக்குறைய நம் உதகமண்டலத்தின் உயரம் என்று வைத்துக்கொண்டால் விஷயம் சுலபமாக விளங்கும். ஊட்டியில் பிறந்து வளர்ந்த பெண்ணைச் சித்திரை மாதத்தில் விழுப்புரத்தில் வாழ்க்கைப்படுத்தினால் எப்படியோ அப்படி! அந்தப் பெண்ணாவது விசிறிக்கொள்வாள். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்வாள். இது சிரித்த முகத்தோடு இருந்தபடியே வாடும். அந்தச் சிரிப்பு வாயின் அமைப்பே தவிர சந்தோஷம் அல்ல. இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

இது தவளைக்குத் தூரத்து உறவான சாலமாண்டர் ஜாதியைச் சேர்ந்தது. ஆனால் தவளை தலைப்பிரட்டைப் பருவத்தைத் தாண்டி வளர்கிறதே, அப்படி இது தாண்டுவதில்லை. செவுளோடு கூடிய குழந்தைக் கோலத்திலேயே பெரியவளாகி, முட்டையும் இட்டுவிடுகிறது. கால் ஒன்று போனால் மறுபடி முளைத்துவிடும். இந்த அதிசயத்துக்காகவே விஞ்ஞானிகள் இதைப் போற்றி வளர்க்கிறார்கள். 1864-ல் பாரிஸ் நகரத்துக்கு 34 பிராணிகள் கப்பலில் போய்ச் சேர்ந்தன. அவற்றில் ஆறு, ஆகஸ்ட் துமெரில் என்ற பேராசிரியரிடம் வந்தன. இன்று உலகத்து ஆராய்ச்சிசாலைகளிலும் வீடுகளிலும் உள்ளவற்றில் பெரும்பாலானவை அந்த வம்சம்தான். பிறந்த ஊரிலோ நிலைமை பரிதாபம். 1998-ல் ஸோச்சிமில்கோவில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு சுமார் 6,000 இருந்தன என்று கணக்கெடுத்தார்கள். 2014-ல் எடுத்தபோது 36. மெக்ஸிகோ சர்க்கார் 2021-ல் தன் 50 பெஸோ நோட்டில் இதன் படத்தை அச்சிட்டது. ஏரியில் இல்லாவிட்டாலும் பர்ஸில் இருக்கிறது!

இருக்கட்டும். இனி சமையற்கட்டுக் கணக்குக்கு வருவோம்.

இந்தப் பிராணிக்கு 16 முதல் 18 டிகிரி ஸென்டிகிரேட் உஷ்ணம் சௌகரியம். 20 வரை சரி. 24-ஐத் தாண்டினால் துன்பம் ஆரம்பிக்கிறது. சாப்பாடு வேண்டாம் என்கும். செவுள் நுனி முன்பக்கமாகச் சுருளும். பஞ்சு போல வெள்ளைப் பூஞ்சை பற்றும். காரணம் ஒன்றல்ல. ஜலம் சூடாகச் சூடாக அதில் கரைந்து நிற்கிற பிராணவாயு குறையும். 15 டிகிரியில் ஒரு லிட்டருக்கு சுமார் 10 மில்லிகிராம். 30 டிகிரியில் ஏழரைதான். அதே சமயம் பிராணியின் உடம்போ சூட்டில் அதிக வாயுவைக் கேட்கிறது. கழிவிலிருந்து உண்டாகும் அமோனியாவின் நஞ்சும் சூட்டில் கூடுகிறது. வரவு குறைந்து செலவு கூடினால் குடும்பம் என்னாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விழுப்புரத்தில் மார்கழி விடியற்காலையில்கூட உஷ்ணம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். வைகாசியில் பகல் 40. ஆகவே இது கோடைக்கு மட்டுமான சங்கடம் அல்ல. வருஷம் முழுவதும் உண்டு.

"கிணற்று ஜலம் சில்லென்று இருக்குமே, அதை இறைத்து விட்டால்?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பூமிக்கு அடியில் உள்ள ஜலம் அந்த ஊரின் வருஷ சராசரி உஷ்ணத்தை ஒட்டியே இருக்கும். நம் பக்கத்தில் அது சுமார் 28 டிகிரி. வெளியில் 40 இருக்கும்போது கை வைத்தால் சில்லிடுகிறது, அவ்வளவுதான்.

அடுத்தது மண்பானை. இங்கேதான் உங்களுக்கு ஒரு நல்ல பரீட்சை சொல்லித் தருகிறேன். பானையின் நுண்ணிய துவாரங்கள் வழியாக ஜலம் கசிந்து ஆவியாகிறது. ஆவியாகும் ஒவ்வொரு லிட்டரும் சுமார் 580 கிலோகலோரி உஷ்ணத்தை வாங்கிக்கொண்டு போகிறது. 100 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் ஆவியானால், வெளியிலிருந்து சூடு புகாத பட்சத்தில், மீதி ஜலம் ஏறக்குறைய 6 டிகிரி குளிர வேண்டும். மீன் தொட்டியின் மேல் சிறிய மின்சார விசிறி வைக்கிறார்களே, அதுவும் இதே தந்திரம்தான். மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, ஜலத்தின் மேல் காற்று சாய்வாக வீசும்படி வைப்பார்கள்.

ஆனால் இதற்கு ஒரு எல்லை உண்டு. காற்றில் ஈரம் எவ்வளவு இருக்கிறதோ அதைப் பொறுத்த எல்லை. வெளியே 40 டிகிரி, காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு 30 என்றால், எத்தனை விசிறி வைத்தாலும் ஜலம் சுமார் 25-க்குக் கீழே போகாது. திண்டிவனத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். பிற்பகலில் மரக்காணம் பக்கத்திலிருந்து கடற்காற்று வரும்போது நமக்கு அப்பாடா என்று இருக்கிறது. விசிறிக்கோ அது விரோதி. 30 டிகிரி, ஈரம் 75 என்றால் எல்லை 26-ஆக ஏறிவிடுகிறது.

இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். தாழ்வாரத்தில் நிழலாக, காற்றோட்டமாக ஒரு புது மண்பானையில் ஜலம் நிரப்பி வையுங்கள். நடுப்பகலில் அதில் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். அது காட்டுகிற எண்ணுக்கு வெகுவாகக் கீழே உங்கள் விசிறியும் போகாது. கப்பிக்கும் மோலிக்கும் அந்தக் குளிர்ச்சி தாராளம். ஆக்சலாட்டிலுக்குப் போதாது.

சரி, ஐஸ்? ஒரு லிட்டர் பாட்டிலில் ஜலம் உறைய வைத்து, மூடியோடு தொட்டியில் மிதக்க விடலாம். (ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள், குழாய் ஜலத்து குளோரின் செவுளைக் கரித்துவிடும்.) 50 லிட்டர் தொட்டியை ஒரு பாட்டில் சுமார் 2 டிகிரி இறக்கும். ஆனால் 33 டிகிரி அறையில், 18 டிகிரியில் நிற்கிற கண்ணாடித் தொட்டி, என் கணக்குப்படி மணிக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி சூடேறும். அப்படியானால் இரண்டு மணிக்கு ஒரு பாட்டில். நாளுக்குப் பன்னிரண்டு. இரவு பன்னிரண்டு மணிக்கு ஒன்று, இரண்டு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற கணக்கு! "நான் பார்த்துக்கொள்கிறேன் அம்மா" என்று பையன் சத்தியம் செய்வான். மூன்றாம் நாள் யார் எழுந்திருப்பார்கள் என்பது நமக்குத் தெரியாதா? தவிர, வீட்டு ரிப்ரிஜிரேட்டர் பன்னிரண்டு பாட்டிலை உறைய வைப்பதற்குள் நீங்கள் எடுத்து வைத்த தோசை மாவு புளித்துப் பொங்கிவிடும். ஐஸ் பாட்டில் ஆபத்துக்கு உதவுகிற வஸ்து, அன்றாடத்துக்கு அல்ல. உஷ்ணம் ஏறி ஏறி இறங்குவதும் அந்தப் பிராணிக்கு ஆகாது.

தொட்டியின் பின்புறம், பக்கங்கள், அடிப்புறம் இவற்றுக்கு ஓர் அங்குல கனத்தில் தெர்மாகோல் பலகை ஒட்டினால் உள்ளே புகும் சூடு ஏறக்குறைய பாதியாகக் குறையும். பையன் கொண்டு வந்த பெட்டியையே அறுத்து ஆரம்பிக்கலாம். மேல்மாடி அறை, மேற்குச் சுவர், சமையலறைப் பக்கம் இம்மூன்றும் தொட்டிக்கு ஆகாத இடங்கள்.

அப்படியானால் உண்மையில் வழி என்ன? இரண்டுதான் உண்டு. ஒன்று, சில்லர் என்கிற குளிர்விக்கும் யந்திரம். ரிப்ரிஜிரேட்டரில் இருப்பது போன்ற கம்ப்ரஸர் உள்ளதாக இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிற மின்தகட்டு யந்திரங்கள் அறையின் உஷ்ணத்துக்குச் சில டிகிரி கீழேதான் இறக்கும். 34 டிகிரி அறையில் அதை நம்ப முடியாது. சில்லர், ஜலத்திலிருந்து எடுத்த சூட்டை அறையில்தான் கொட்டும். ஆகையால் அதை மூடிய அலமாரிக்குள் வைத்தால் தன் வாலைத் தானே கடிக்கும்.

மற்றொன்று, ஏர்கண்டிஷன் அறை. இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஏர்கண்டிஷனை 18-ல் வைத்துக் குடும்பமே நடுங்க வேண்டியதில்லை. அது காற்றைக் குளிர்விப்பதோடு ஈரத்தையும் வடித்துவிடுகிறது. காற்று 24 டிகிரி, ஈரம் 50 என்று நிற்கும் அறையில் விசிறியின் எல்லை 17 டிகிரிக்கு இறங்கிவிடும். வெளித் தாழ்வாரத்தில் தோற்றுப்போன அந்தச் சின்ன விசிறி, இந்த அறையில் ஜலத்தை 20-க்குப் பக்கத்தில் கொண்டு வந்து நிறுத்திவிடும். ஆனால் இரவும் பகலும் ஓட வேண்டும். மின்சார பில் வரும்போது வீட்டுக்காரர் முகம் எப்படி இருக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விசிறி வைத்தால் தொட்டி ஜலம் தினமும் குறையும். குறைந்ததை ஈடு செய்தால் மட்டும் போதாது. உப்புகள் உள்ளேயே தங்கிவிடும். வாரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு ஜலத்தை மாற்ற வேண்டும். அடியில் கூழாங்கல் வேண்டாம். மண்புழு என்று நினைத்துக் கல்லையும் விழுங்கிவிடும் அசடு இது.

சட்ட விஷயமும் ஒன்று உண்டு. இந்தப் பிராணி சர்வதேச வனஜீவி வர்த்தக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022-ல் திருத்தப்பட்ட வனஜீவிப் பாதுகாப்புச் சட்டமும் 2024-ன் விதிகளும், இத்தகைய பிராணியை வைத்திருப்பவர்கள் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. விற்றவரிடம் முறையான காகிதம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். காகிதம் இல்லை என்றால் அந்தக் கடைப் பக்கமே போக வேண்டாம்.

இத்தனையும் கேட்டு மலைத்துப்போன தாய்மார்களுக்கு, அதாவது பெட்டி இன்னும் வீட்டுக்கு வராதவர்களுக்கு, ஒரு யோசனை. நம் ஏரிகளில் பனையேறிக் கெண்டை என்று ஒரு மீன் உண்டு. தரங்கம்பாடியில் இருந்த தால்டார்ப் என்ற டேனிஷ் லெப்டினன்ட், இது பனைமரத்தில் ஏறியதைக் கண்டதாக 1797-ல் எழுதப்போய், ஐரோப்பாவில் வெகு காலம் தர்க்கம் நடந்தது. மரம் ஏறுவது கிடக்கட்டும். தரையில் நகர்வதும், வெளிக் காற்றைச் சுவாசிப்பதும் நிஜம். ஜலம் 28 டிகிரி என்றால் அதற்குச் சொந்த வீடு. பிராணவாயு குறைந்தால் மேலே வந்து ஒரு மடக்குக் காற்றைக் குடித்துவிட்டுப் போகும். தொட்டிக்கு இறுக்கமான மூடி மட்டும் வேண்டும். திண்டிவனம் என்பதே திந்திரிணீ வனம், அதாவது புளியங்காடு. அந்த ஊர்ப் பிள்ளை புளியமரம் ஏறுகிறானோ இல்லையோ, அவன் மீன் பனைமரம் ஏறும் என்று பள்ளிக்கூடத்தில் பெருமை அடித்துக்கொள்ளலாம்.

பெட்டி வந்தேவிட்டது என்றால், பையை உடனே அவிழ்த்துக் கொட்டாதீர்கள். குளோரின் நீக்கிய ஜலத்தை ஒரு பிளாஸ்டிக் டப்பில் எடுத்து, ஐஸ் பாட்டிலால் 20-க்குக் கொண்டு வந்து, வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் வையுங்கள். பையை அதில் கால் மணி மிதக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக டப் ஜலத்தைப் பைக்குள் விட்டு, அப்புறம் பிராணியை இறக்குங்கள். இரண்டு பாட்டில் எப்போதும் உறைநிலையில் இருக்கட்டும். பகல் இரண்டு மணிக்கு மின்சாரம் நின்றால் அவைதான் துணை. அந்த நேரத்தில் ரிப்ரிஜிரேட்டர் கதவை வேறு எதற்கும் திறக்கக் கூடாது என்று மாமியாரிடமும் சொல்லி வையுங்கள். மோர் வேண்டுமானால் முன்னாலேயே எடுத்து மண்பானை மேல் வைத்துவிடலாம்.