சுங்கம் காத்த தொட்டிப்பாலம்

தெற்கு பிரான்ஸின் நீம் நகரம் ரோமானியர் காலத்தில் அவர்களுடைய குடியேற்ற நகரம். அதற்குத் தண்ணீர் கொண்டுபோக கி.பி. முதல் நூற்றாண்டில் கட்டிய பொன் டு கார் என்ற தொட்டிப்பாலம், கார்தோன் ஆற்றின் மேல் மூன்றடுக்கு வளைவுகளோடு ஏறக்குறைய 49 மீட்டர் உயரத்தில் இன்றும் நிற்கிறது. ஆனால் உண்மையான வித்தை பாலத்தில் இல்லை, வாட்டத்தில் இருக்கிறது. உஸேஸ் ஊரருகே உள்ள ஊற்றிலிருந்து நீம் வரை நேர்த்தொலைவு சுமார் 20 கி.மீ.; குன்றுகளைச் சுற்றிப் போனதால் கால்வாய் 50 கி.மீ. நீண்டது. அவ்வளவு தூரத்துக்கும் கிடைத்த இறக்கம் 12 மீட்டரைச் சற்றே தாண்டும். கிலோமீட்டருக்குச் சராசரியாக 25 சென்டிமீட்டர்! பம்பு இல்லாமல் தண்ணீர் தானாகவே ஓடியது.

இது இத்தனை நூற்றாண்டு நின்றதற்கு ரோமானியரின் கைத்திறனே காரணம் என்பார்கள். பாதிதான் சரி. கீழிரண்டு அடுக்குகளில் ஆறு டன் வரை எடையுள்ள கற்களைக் காரை இல்லாமலே இறுக்கி அடுக்கினார்கள் என்பது மெய். ஆனால் கட்டடத்துக்கு வெள்ளத்தைவிடப் பெரிய எதிரி, கல் தேடி வரும் அக்கம்பக்கத்தார். ரோமப் பேரரசு தளர்ந்தபின் கால்வாயைச் சுத்தம் செய்ய ஆளில்லை. உட்சுவரில் சுண்ணாம்புப் படிவு ஏறக்குறைய அரை மீட்டர் வரை தடித்து, ஓட்டம் நின்றது. பயனற்றுப்போன கால்வாயின் கற்களை ஊரார் பெயர்த்தார்கள். பாலம் தப்பியது, அது வேறு வேலைக்குப் போனதால். அதன் வழியே ஆற்றைக் கடப்போரிடம் சுங்கம் வாங்கும் உரிமை உள்ளூர்ப் பிரபுக்களுக்கும் ஆயர்களுக்கும் இருந்தது. அதனால் பராமரிப்பும் நடந்தது. மேலடுக்கின் 47 வளைவுகளில் இன்று எஞ்சியவை 35. மேலடுக்கு சிறு கற்களால் காரை வைத்துக் கட்டியது, பெயர்ப்பது எளிது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் போக்குவரத்து நடந்தது கீழே, மேலடுக்கால் யாருக்கும் வருமானமில்லை.

பயன்பாடே பாலத்தைக் கெடுத்ததல்லவா என்று கேட்கலாம். கெடுத்ததுதான். 1620களில் பீரங்கிகளைப் பாலத்தின் வழியே கொண்டுபோக ரோஆன் பிரபு இரண்டாம் அடுக்குத் தூண்களை ஒரு பக்கத்தில் மூன்றிலொரு பங்கு வெட்டிவிட்டார். ஆனால் பயன்படும் பொருள் என்பதால்தான் அடுத்த நூற்றாண்டில் அதைப் பழுதுபார்த்தார்கள். 1740களில் பொறியாளர் ஹென்றி பீத்தோ அதை ஒட்டியே தனிச் சாலைப் பாலம் கட்டிக் கொடுத்தார். அல்ஜீரியாவில் யாரும் பயன்படுத்தாத திம்காத் நகரமும் எஞ்சியிருக்கிறதே என்ற மறுப்பு இன்னும் வலுவானது. ரோமப் பேரரசர் டிராஜன் கி.பி. 100இல் நிறுவிய அந்த நகரத்தைக் காத்தது மணல். அது மூடுவதற்கு முன்பே, 539இல், பைசாந்தியர் தங்கள் கோட்டைக்கு அந்நகரத்துக் கற்களையே எடுத்துக்கொண்டார்கள்.