மாதம் ஒரு நிறம்

பைன் மரங்களைப் பார்க்க மலையேறுகிறவர்கள், பெங்களூர் ரயில் பாதையோரம் ஆண்டு முழுவதும் உடை மாற்றிக்கொண்டே இருக்கும் ஒரு காட்டைக் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள்.

ஜோலார்பேட்டையைத் தாண்டியதும் பெங்களூர் ரயில் மேடேறத் தொடங்குகிறது. பச்சூர், மல்லானூர், குப்பம். அதற்கு அடுத்த சின்ன ஸ்டேஷன் குடுபல்லி. 1864இல் போடப்பட்ட பாதை இது. பெரும்பாலான ரயில்கள் இங்கே நிற்பதில்லை. ஜன்னலுக்கு வெளியே பாறைக் குன்றுகள், ராகி வயல், புளியமரம், முள்காடு. மார்ச் மாதத்துப் பயணி இதைப் பார்த்துவிட்டு, 'வறண்ட பூமி' என்று முடிவு செய்து பத்திரிகையைப் பிரித்துக்கொள்கிறார்.

அவர் மனதில் காடு என்றால் கொடைக்கானல்தான். வரிசையாக நிற்கும் பைன் மரங்கள், இடையே மூடுபனி, புகைப்படம் எடுக்கும் புதுமணத் தம்பதிகள். ஆனால் அந்த பைன் காடு தானாக வளர்ந்ததல்ல. 1906 முதல் நட்டு வளர்க்கப்பட்டது. பைனின் சொந்த ஊர்கள் வேறு. இந்தியாவில் அது இயற்கையாக வளர்வது இமயமலைச் சரிவுகளிலும் மேகாலயத்தின் காசி மலைகளிலும். பழனி மலையில் பரவலாக நடப்பட்ட வகையோ மெக்ஸிகோவிலிருந்து வந்தது. அது புகுந்த இடங்களில் பழைய புல்வெளி பின்வாங்கியது. ஊசியிலைச் சருகு மெத்தை போட்ட தரையில் வேறு செடி முளைப்பது கடினம்.

இன்னொரு விஷயம். பைன் தன் இலைகளை ஒரேயடியாக உதிர்ப்பதில்லை. சித்திரையில் போனாலும் மார்கழியில் போனாலும் அதே பச்சைதான். மாறுவது பனியும் வெயிலும் மட்டுமே. பருவங்களை மரத்திலேயே பார்க்க வேண்டுமென்றால் குடுபல்லிப் பக்கம்தான் வர வேண்டும்.

ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு மூன்றும் தொட்டுக்கொள்ளும் மூலை இது. சந்தையில் ஒரே பேரத்துக்குள் தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் புழங்கும். இங்கிருந்து வடகிழக்கே ராமகுப்பம், பலமனேர் வரை விட்டுவிட்டுப் பரவிக் கிடக்கிறது வறண்ட இலையுதிர் காடு. இதில் சுமார் 358 சதுர கிலோமீட்டர் 1990 டிசம்பரில் கௌண்டின்யா வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

மாசி மாதத்தில் இந்தக் காடு கிட்டத்தட்ட நிர்வாணமாக நிற்கும். துரிஞ்சி, வெட்பாலை, மூங்கில் எல்லாம் இலையைக் கொட்டிவிட்டுத் தண்ணீரைச் சேமிக்கும் காலம். கால் வைத்தால் சருகு நொறுங்கும். இந்தச் சாம்பல் நிறத்துக்கு நடுவே திடீரென்று தீப்பிடித்தது போல் நிற்கிறது புரசு. தெலுங்கில் மோதுகு. ஓர் இலைகூட இல்லாத கிளையெங்கும் செம்மஞ்சள் பூ. தேன்சிட்டும் மைனாவும் கரிச்சானும் அதில் வரிசை கட்டி நிற்கும். பூ முடிந்து இலை வந்ததும் ஊர்க்காரர்களுக்கு வேலை. மோதுகு இலையை ஈர்க்குச்சியால் தைத்தால் சாப்பாட்டுத் தட்டு தயார்.

பங்குனி, சித்திரையில் ஓர் அதிசயம். மழை ஒரு துளி விழுந்திருக்காது. வெயில் மண்டையைப் பிளக்கும். அப்போதுதான் புங்கமரம் பளபளவென்று இளந்தளிர் விடும். ஆழத்தில் இருக்கும் ஈரத்தை வேர் எட்டிப் பிடிப்பதால், மழைக்கு முன்பே மரம் தயாராகிவிடுகிறது. வேம்பு பூத்துத் தெலுங்கு வருடப் பிறப்பின் யுகாதிப் பச்சடிக்குக் கசப்புக் கொடுக்கும். கொன்றை மஞ்சள் சரம் தொங்கவிடும்.

ஆனியில் தென்மேற்குப் பருவக்காற்று வரும்போது நாவல் பழுத்திருக்கும். முதல் நல்ல மழைக்குப் பிறகு ஒரே வாரத்தில் குன்றுகள் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். ஆவணி, புரட்டாசியில் புதர்மேல் ஏறிச் சிவந்து நிற்கும் செங்காந்தள். பாறை இடுக்குகளில் சீத்தாப்பழம். தென்னிந்தியப் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் காணக் கிடைக்காத மஞ்சள் தொண்டைச் சின்னான் பறவையும் இங்கே உண்டு.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டிலும் பங்கு பெறும் வட்டாரம் இது. கைகல் அருவி பாறையில் மோதி இரைச்சலிடும். இந்தத் தண்ணீர் யாருக்குப் போகிறது என்பது முக்கியம். கைகல், கௌண்டின்ய ஆறு இரண்டும் பாலாற்றின் கிளைகள். கௌண்டின்ய ஆறு எல்லை தாண்டி, வேலூர் மாவட்டத்தில் மோர்தானா அணையை நிரப்பிக் குடியாத்தம் வழியாகப் பாலாற்றில் சேர்கிறது. சித்தூர் மாவட்டத்துக் காடு குடித்து, மெதுவாகக் கசியவிடும் நீர்தான் குடியாத்தத்துக் கிணறுகளுக்கும் போகிறது. ரயிலில் 'வறண்ட பூமி' என்று சொன்னவரின் வீட்டுக் குழாய்க்கும் இந்தக் காட்டுக்கும் சம்பந்தம் இருக்கக்கூடும்.

பிறகு வருவது மார்கழி. காலைப் பனி, அறுவடைக்குக் காத்திருக்கும் ராகி. கூடவே யானை.

சுமார் 200 ஆண்டுகள் ஆந்திரத்தில் காட்டு யானையே இல்லை. 1980களின் முற்பகுதியில் ஓசூர், ஆனேக்கல் பக்கமிருந்து ஒரு கூட்டம் எல்லை தாண்டி இங்கே வந்தது. வந்த யானைகள் தங்கிவிட்டன. சரணாலயம் பிறந்ததே அவற்றுக்காகத்தான். ஆனால் காடு குறுகலானது. இடையிடையே கிராமங்கள், வயல்கள், சாலைகள். முள்காட்டைவிட முற்றிய ராகியும் கரும்பும் ருசி என்பது யானைக்கு நன்றாகத் தெரியும்.

சுற்றுலாப் பயணிக்கு மார்கழி ரம்மியமான மாதம். காட்டோர விவசாயிக்கோ அது தூங்காத மாதம். பரணில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பட்டாசும் டார்ச்சுமாக உட்கார்ந்திருக்க வேண்டும். விடிவதற்குள் ஒரு வருட உழைப்பு காணாமல் போகலாம். மனிதர்களும் இறந்திருக்கிறார்கள். மின்சாரம் பாய்ந்து யானைகளும் இறந்திருக்கின்றன. அகழி வெட்டினார்கள், சோலார் வேலி போட்டார்கள். யானைகள் இரண்டையும் கடக்கக் கற்றுக்கொண்டன.

2023 ஜூனில் பலமனேர் அருகே சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையை இரவில் கடந்த மூன்று யானைகள் வாகனம் மோதி இறந்தன. காட்டை இரண்டாக வெட்டிச் செல்லும் சாலைக்கு யார் எஜமான் என்ற கேள்விக்கு அன்று கிடைத்த பதில் அது. 2025 மே மாதம் கர்நாடகம் பயிற்சி பெற்ற நான்கு கும்கி யானைகளை ஆந்திரத்துக்குக் கொடுத்தது. காட்டு யானைகளை வயலிலிருந்து திருப்பி அனுப்புவது அவற்றின் வேலை. கும்கி யானையால் கூட்டத்தைக் காட்டுக்குள் விரட்ட முடியும். உள்ளே தீனியும் தண்ணீரும் இருந்தால்தான் கூட்டம் அங்கே தங்கும்.

அந்தத் தீனிக்கும் தண்ணீருக்கும் முதல் எதிரி நெருப்பு. மாசியில் உதிரும் சருகு, வீசி எறியும் ஒரு பீடித் துண்டுக்குக் காத்திருக்கிறது. புதுப்புல் முளைக்கும் என்று வேண்டுமென்றே வைக்கப்படும் தீயும் உண்டு. பெரிய மரம் தப்பிவிடும். கன்றுகள் கருகும். அடுத்த மழையில் மேல்மண் ஓடையோடு போகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எரிந்த காடும் இலையுதிர்ந்த காடும் ஒன்று போலத் தெரிவதுதான் பெரிய ஆபத்து. ஏற்கெனவே செத்துப்போனதாக நினைக்கிற ஒன்றைக் காப்பாற்ற யாரும் ஓடி வருவதில்லை.

இந்தக் காட்டை ரசிக்க விரும்புகிறவர்களுக்குப் பைன் காட்டு வசதிகள் கிடையாது. சரணாலயத்துக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். உள்ளூர்க்காரர் துணை வேண்டும். பொழுது சாயும் முன் திரும்பிவிட வேண்டும். ஒரு முறை வந்து படம் பிடித்துப் போனால் இது பிடிபடாது. மாசியில் ஒரு தடவை, ஐப்பசியில் ஒரு தடவை என்று இரண்டு முறையாவது வந்தவருக்கே இரண்டும் ஒரே காடு என்பது விளங்கும்.

அதற்கும் நேரமில்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அடுத்த முறை பெங்களூர் ரயில் குப்பத்தைத் தாண்டும்போது பத்திரிகையைக் கொஞ்சம் மடித்து வைக்கலாம். மாசி மாதமாக இருந்து, மொட்டைக் குன்றில் எங்காவது சிவப்பாகத் தெரிந்தால், அது புரசாக இருக்கும். காடு சாகவில்லை, மழைக்குக் காத்திருக்கிறது என்று அர்த்தம்.