வலையமைப்பு வரிசைகளை விடுவித்தல்

கணினியிற் பூட்டப்பெற்ற வலையமைப்பு அட்டை ஒவ்வொன்றிற்கும் இயக்கி எனப்படும் நிரலொன்று உண்டு. அட்டைக்கும் இயங்குதளத்துக்கும் இடைநின்று பணிபுரிவது அதுவே. தொழில் தொடங்குங்கால் அவ்வியக்கி நினைவகத்தின் ஒரு பகுதியைப் பெற்று, அதனை வளைய வடிவான வரிசைகளாக வகுக்கின்றது. வெளிச்செல்லும் பொதிகளுக்கு ஒன்று, உள்வருவனவற்றுக்கு மற்றொன்று. வேகமிக்க அட்டைகளில் இத்தகைய இணைகள் பல. பெறுதல் எளிது, மீள ஒப்படைத்தலே அரிது.

இவ்வருமைக்குக் காரணம் யாது? உள்வரும் பொதியை மையச் செயலி கையேற்று நினைவகத்தில் வைப்பதில்லை. முன்னர்க் குறித்துக் கொடுக்கப்பெற்ற முகவரியில் அட்டை தானே நேராக எழுதிவிடும். இயக்கி அவ்விடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டமை அட்டைக்குத் தெரியாது. வீட்டை விற்றவன் தபாற்காரனுக்கு அறிவியாது போயின், கடிதம் பழைய வாயிலிலேயே விழும் அன்றோ? கடிதமாயின் புதியவன் எடுத்து வைப்பான். நினைவகத்திலோ அவ்விடத்தில் அதற்குள் வேறொரு நிரலின் தரவு குடியேறியிருத்தல் கூடும். பொதி அதன்மேல் விழுந்து அதனை அழித்துவிடும். பிழை செய்தது ஒன்று, வீழ்வது பிறிதொன்று ஆதலின் இதன் மூலத்தைக் கண்டறிதல் பெருந் தொல்லை தருவது.

எனவே, 1991இல் தோன்றிய லினக்ஸ் இயங்குதளத்தில் எழுதப்பெறும் இயக்கிகள் ஓர் ஒழுங்கைப் பேணுகின்றன. அனுப்பும் வரிசைகளிற் புதிய பொதி சேராதவாறு முதலில் தடுப்பர். பொதிகளைத் திரட்டும் வினை நடந்துகொண்டிருப்பின் அது முடியும்வரை காத்திருப்பர். அட்டையையும் நிறுத்துவர். ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. நிறுத்தற் கட்டளையை எழுதிய மாத்திரத்தே அஃது அட்டையை அடைந்துவிட்டதெனக் கொள்ளலாகாது. பீசிஐ பாதையில் எழுத்து இடைவழியில் தங்கி நிற்கலாம். அட்டையிலிருந்து ஒரு பதிவேட்டை வாசித்தால், அவ்வாசிப்பு முன்சென்ற எழுத்தைத் தள்ளிக்கொண்டே செல்லும். விடை கிடைத்த பின்னரே கட்டளை சேர்ந்தமை உறுதி. மெய்நிகர் அட்டைகளுக்கான விர்ட்டியோ விதியும் இதனையொத்ததே: நிலைப்பதிவேட்டில் 0 எழுதிய இயக்கி, மீள வாசிக்கையில் 0 வருமளவும் காத்திருந்தே சாதனத்தை மறுபடி தொடங்குதல் வேண்டும்.

இதன் பின்னரே நினைவகத்தை விடுவிக்கலாம். அப்போதும் அனுப்பப்படாது எஞ்சிய பொதிகளை மறத்தலாகாது. அவை தம்மை அனுப்பிய இணைப்பின் கணக்கில் ஏறியுள்ளன. வளையத்தை மட்டும் விடுவித்துப் பொதிகளைக் கைவிடின் அக்கணக்கு தீராது, நினைவகமும் வீணே கசியும்.

கணினியையே அணைக்கும்போது இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்கலாம். மின்சாரம் அற்றால் கவலை இல்லைதான். ஆயின் கெக்செக் என்னும் முறையில், ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளக் கரு, வன்பொருளை மீளத் தொடங்காமலே புதிய கருவுக்கு இடங்கொடுக்கின்றது. பழைய இயக்கி அட்டையை நிறுத்தாது விட்டிருப்பின், அடுத்து வரும் பொதி புதிய கருவின் நினைவகத்திலேயே விழலாம். அட்டைகள் எழுதும் முகவரிகளைக் கண்காணிக்கும் ஐஓஎம்எம்யூ என்னும் வன்பொருட் காவல் இயங்குமிடத்து அத்தகைய அத்துமீறலைத் தடுத்தல் இயலும். பொதிகளின் கசிவை அக்காவல் அறியாது.