ஏழு சதவீதம் என்றார்கள், பாதிதான் வந்தது

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா, மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக 2024 ஜூனில் வங்கியில் ஓர் ஆர்.டி. (தொடர் வைப்பு) தொடங்கினார். மாதம் 5,000 ரூபாய், 12 தவணை, வட்டி 7 சதவீதம். 2025 ஜூனில் முதிர்ந்தபோது கைக்கு வந்தது 62,310 ரூபாய். "அறுபதாயிரத்துக்கு ஏழு சதவீதம்னா நாலாயிரத்து எரநூறு வரணுமே தம்பி. பாதிதானே போட்டிருக்காங்க?" என்று பாஸ்புக்கை என்னிடம் நீட்டினார்.

வங்கி ஏமாற்றவில்லை. பாஸ்புக்கில் உள்ள தேதிகளை மேலிருந்து கீழாகப் படித்தாலே விளங்கிவிடும். முதல் தவணை 12 மாதம் வங்கியில் இருந்தது. அடுத்தது 11 மாதம். மே மாதம் கட்டிய கடைசித் தவணைக்குக் கிடைத்தது ஒரே ஒரு மாத வட்டி. சராசரி போட்டால் ஒவ்வொரு ஐயாயிரமும் ஆறரை மாதம்தான் வட்டி ஈட்டியிருக்கிறது. அதே 60,000 ரூபாயை முதல் நாளே மொத்தமாக எஃப்.டி.யில் (நிலை வைப்பில்) போட்டிருந்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி அசலில் சேரும் கணக்குப்படி 4,311 ரூபாய் வந்திருக்கும். வட்டி விகிதம் இரண்டுக்கும் ஒன்றே.

ஆனால் 2024 ஜூனில் அக்காவிடம் ஏது 60,000? ஜாக்கெட் தைத்து மாதாமாதம் மிச்சம் பிடித்த பணம் அது. அதை எஃப்.டி.யோடு ஒப்பிடுவதே நியாயமில்லை. சேமிப்புக் கணக்கிலேயே விட்டிருந்தால் 2.5 சதவீதத்தில் சுமார் 810 ரூபாய் கிடைத்திருக்கும். அதைவிட 1,500 ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது ஆர்.டி.

எனக்கு வருத்தம் தருவது இதற்கு நேர்மாறான பழக்கம். போனஸோ, நிலம் விற்ற பணமோ மொத்தமாக வந்திருக்கும். அதைச் சேமிப்புக் கணக்கில் போட்டு, அங்கிருந்து மாதம் 5,000 ரூபாய் ஆர்.டி.க்குப் போகும்படி எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு கணக்கிலும் சேர்த்து வட்டி 3,000 ரூபாய்தான் தேறும். எஃப்.டி. தந்திருக்கக்கூடிய 1,300 ரூபாய் வீணாகப் போகிறது. மொத்தப் பணம் கையில் இருந்தால் அன்றைக்கே எஃப்.டி. போடுங்கள். அவசரத்துக்கு உடைக்க வேண்டியிருக்கும் என்று தோன்றினால் மூன்று நான்கு எஃப்.டி.யாகப் பிரித்துப் போடுங்கள். ஒன்றை உடைத்தாலும் மற்றவை முழு வட்டியோடு நிற்கும்.

ஆர்.டி.க்கு இன்னொரு பலம் உண்டு, பலரும் கவனிப்பதில்லை. தொடங்கிய நாளில் குறித்த வட்டிதான் கடைசித் தவணை வரைக்கும். 2025 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையே ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தரும் கடனின் வட்டியான ரெப்போ விகிதத்தை 6.5 சதவீதத்திலிருந்து 5.5 ஆகக் குறைத்தது. வங்கிகளும் வைப்பு வட்டியைக் குறைத்தன. அக்கா மார்ச்சில், ஏப்ரலில், மே மாதத்தில் கட்டிய பணத்துக்கும் பழைய 7 சதவீதமே கிடைத்தது. வட்டி ஏறுகிற காலத்தில் இதுவே பாதகமாகும்.

ஓராண்டுத் தேவைக்கு அஞ்சலக ஆர்.டி. ஒத்துவராது. அது ஐந்தாண்டுத் திட்டம். மூன்றாண்டு முடிந்த பிறகே இடையில் மூட முடியும், அப்போதும் சேமிப்புக் கணக்கு வட்டிதான். தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம்.

தீபாவளிச் சீட்டில் கட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வங்கி நொடித்துப்போனால் ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. ஆர்.டி., எஃப்.டி. இரண்டும் அதில் அடங்கும். சீட்டுக்கு அது கிடையாது.

அக்கா 40,000 ரூபாயைப் பள்ளியில் கட்டினார். மீதி 22,310 ரூபாயை ஓராண்டு எஃப்.டி.யில் போட்டார். அன்றே 5,000 ரூபாய்க்குப் புது ஆர்.டி.யும் தொடங்கினார். முதிர்வுத் தேதி இரண்டுக்கும் ஒன்றே, அடுத்த கட்டணம் கட்டும் ஜூன்.