அளவெடுக்கும் கைகள்

நோயாளிக்கு எந்த மருந்து, எவ்வளவு என்று தீர்மானிப்பவர் மருத்துவரே என்றாலும், அந்தத் தீர்மானத்துக்கு அடிப்படையான இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, எடை முதலியவற்றைப் பெரும்பாலும் வேறொருவரே அளந்து குறித்துவைக்கிறார். மருத்துவப் படிப்போ செவிலியர் படிப்போ இன்றி, வரையறுக்கப்பட்ட சில பணிகளுக்கு மட்டும் பயிற்சி பெற்று மருத்துவக் குழுவோடு இணைந்து இயங்கும் இத்தகையோரை மருத்துவ உதவியாளர்கள் எனலாம். 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகச் செல்லும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் இவ்வகையைச் சேர்ந்தவர்கள். மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் இவர்கள், உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளவர்களைக் கண்டறிவதோடு, ஏற்கெனவே சிகிச்சையில் இருப்போருக்கு மாத்திரைகளை வீட்டிலேயே கொண்டுசேர்க்கிறார்கள்.

அளவெடுப்பது எளிய வேலை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது தவறு. இரத்த அழுத்தம் பார்க்கப்படுபவர் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்தும், பாதங்கள் தரையில் படிந்தும், கை இதயத்தின் மட்டத்தில் தாங்கப்பட்டும் இருக்க வேண்டும். ‘கஃப்’ எனப்படும் காற்றுப்பட்டை புடவைத் தலைப்பின் மீதோ ரவிக்கைக் கையின் மீதோ அல்லாமல் வெறுங்கையில் சுற்றப்பட வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால், அழுத்தம் உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். இவற்றுள் கடைப்பிடிக்க மிகக் கடினமானது மௌனம். அளவெடுப்பவர் அதே ஊர்ப் பெண் என்பதால், பட்டையைச் சுற்றும்போதே மகள் கல்யாணம், மழை, ரேஷன் என்று பேச்சு தொடங்கிவிடுகிறது. பேசிக்கொண்டிருக்கும் ஒருவரின் அழுத்தம் 10 மில்லிமீட்டர் வரை உயரக்கூடும் என்பதால், மேல் அளவு 134 உள்ளவர் 140 என்ற எல்லையைத் தாண்டி நோயாளிகளின் பட்டியலில் சேர்ந்துவிடலாம். சர்க்கரைப் பரிசோதனையிலும் இதே கவனம் தேவை. மாம்பழம் நறுக்கிய விரலைக் கழுவாமல் குத்தினால், தோலில் ஒட்டியிருக்கும் சர்க்கரையும் இரத்தத் துளியோடு கலந்து அளவை உயர்த்திக் காட்டும். விரலை அழுத்திப் பிதுக்கினால் திசுநீர் கலந்து அளவு மாறிவிடும்.

இவர்களின் மதிப்பு கருவியோடு முடிந்துவிடுவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் அழுத்தம் குறையாததைக் காணும் மருத்துவர், மருந்து போதவில்லை என்று கருதி அளவைக் கூட்ட நேரலாம். ஆனால் வீட்டுக்குச் செல்பவர், சென்ற மாதம் கொடுத்த மாத்திரை அட்டைகளில் பாதி பிரிக்கப்படாமல் கிடப்பதைப் பார்க்கிறார். தலைசுற்றல் வந்ததால் நிறுத்தினார்களா, உடம்பு சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டார்களா, காட்டு வேலைக்குப் போகும் நாட்களில் மறந்துபோனார்களா என்பது அந்த வீட்டுத் திண்ணையில் கேட்டால்தான் தெரியும். மருந்து போதாமைக்கும் மருந்து உண்ணாமைக்கும் உள்ள வேறுபாட்டை மருத்துவருக்கு எடுத்துரைக்கும் இந்தச் செய்தி எந்த ஆய்வகப் பரிசோதனையிலும் கிடைக்காது.

அதே வேளையில் இப்பணிக்குத் திட்டமான எல்லையும் உண்டு. தன்னார்வலர் நோயை உறுதிசெய்வதில்லை, மருந்தின் அளவை மாற்றுவதில்லை. ஐயத்துக்குரிய அளவு தென்பட்டவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புகிறார், உறுதிசெய்வது அங்கே நடக்கிறது. இவ்வளவு பொறுப்புள்ள பணிக்கு ஊதியம் என்றில்லாமல் ஊக்கத்தொகை என்ற பெயரில் சிறு தொகை மட்டுமே வழங்கப்படுவது நியாயமாகத் தோன்றவில்லை. தொகையை உயர்த்துவதோடு, ஒவ்வொருவர் பையிலும் பருத்த கைக்கான பெரிய பட்டை ஒன்றும், கருவியின் துல்லியத்தை ஆண்டுதோறும் சரிபார்க்கும் ஏற்பாடும், அளவெடுக்கும் முறையை மீண்டும் பழக்கும் பயிற்சியும் கிடைக்கச் செய்ய வேண்டும்.